ரஷ் லிம்பா: வலி மாத்திரை, ஐந்து வார இடைவெளி, மீண்டும் மைக் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க வானொலி பற்றியும் அமெரிக்கன் ஃபுட்பால் பற்றியும் தமிழில் எழுதுபவன் நான். ரஷ் லிம்பாவின் பெயரை எப்போது எடுத்தாலும் ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்து சேர்கின்றன. விளையாட்டு டிவி வேலையை இழந்தது, போதை மாத்திரைக்கு அடிமையானதை ஒப்புக்கொண்டது, திரும்பி வருவாரா என்று தெரியாமல் நேயர்கள் காத்திருந்தது எல்லாமே 2003 இலையுதிர் காலத்தின் சில வாரங்களுக்குள் நடந்து முடிந்தவை. அதனால் பலருக்கும் ஒன்றோடொன்று குழம்பிவிடுகிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

யாருங்க இந்த லிம்பா? ஸ்போர்ட்ஸ் ஆளா, அரசியல் ஆளா?

முதலில் அரசியல். 1951-ல் மிசௌரி மாநிலத்தின் கேப் ஜிரார்டோ ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே ரேடியோவுக்குப் போய், பல ஊர்களில் வேலை பார்த்து, பல இடங்களில் வேலையும் போனவர். 1988 ஆகஸ்டில் நியூயார்க்கிலிருந்து நாடு முழுவதற்குமான நிகழ்ச்சியைத் தொடங்கினார். 2003 வாக்கில் ஏறக்குறைய 600 நிலையங்கள் அதை ஒலிபரப்பின. வாரத்துக்கு 2 கோடி நேயர்கள் என்பது நிறுவனத்தின் கணக்கு. குடியரசுக் கட்சி ஆதரவாளர்களுக்கு மதிய நேரம் என்றாலே லிம்பாதான்.

விளையாட்டு அவருக்குப் புதிதல்ல. 1979 முதல் 1983 வரை கான்சஸ் சிட்டி ராயல்ஸ் பேஸ்பால் அணியின் அலுவலகத்தில், குழுக்களுக்கு மொத்தமாக டிக்கெட் விற்கும் பிரிவிலும் விளம்பரப் பிரிவிலும் இருந்தார். ஃபுட்பால் மீது வெறி கொண்டவர். 2003-ல் இஎஸ்பிஎன் என்ற விளையாட்டு டிவி சேனல், என்எஃப்எல் எனும் அமெரிக்கன் ஃபுட்பால் லீக் பற்றிய தன் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் அவரை உட்கார வைத்தபோது, ரொம்ப நாள் ஆசை நிறைவேறியது என்றுதான் அவரை அறிந்தவர்கள் எல்லோரும் நினைத்தார்கள்.

என்ன போதை அது? கஞ்சாவா, கொக்கைனா?

இரண்டும் இல்லை. மருந்துக் கடையில் சீட்டு காட்டி வாங்கும் வலி மாத்திரைகள். செய்திகளில் அடிபட்ட பெயர்கள் ஆக்ஸிகான்டின், ஹைட்ரோகோடோன். இவை ஓபியாய்டு வகை, அதாவது மார்ஃபினும் ஹெராயினும் சேர்ந்த அதே குடும்பம். ஆக்ஸிகான்டின் 1996-ல் சந்தைக்கு வந்தது. ஒரு மாத்திரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டது. அதைப் பொடித்தால் மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

இதைத் தயாரித்த பர்டியூ நிறுவனம், அடிமையாக்கும் அபாயத்தைக் குறைத்துச் சொல்லி விற்றதாக 2007-ல் வர்ஜீனியா கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதமும் இழப்பீடுமாக 60 கோடி டாலருக்கு மேல் கட்டியது. லிம்பா மாட்டிக்கொண்டது அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு. அப்போது பொதுமக்களில் பெரும்பாலோருக்கு இந்த மாத்திரையின் பெயரே புதிது.

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைதானே? அப்புறம் எப்படி அடிமை ஆனார்?

முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை நடந்தது, அது பலன் தரவில்லை, இடுப்பிலும் கழுத்திலும் வலி தீரவில்லை, அதற்குத்தான் மாத்திரை ஆரம்பித்தது என்று அவரே சொன்னார். இதில் நம்பாமல் இருக்க எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கானோர் இதே வழியில்தான் உள்ளே போனார்கள்.

ஓபியாய்டுக்கு உடம்பு சீக்கிரம் பழகிவிடும். போன மாதம் ஒன்றில் அடங்கிய வலி இந்த மாதம் இரண்டு கேட்கும். நிறுத்தினால் கொட்டாவி கொட்டாவியாக வரும், மூக்கு ஒழுகும், வியர்த்துக் கொட்டும், கால் குடையும், வயிற்றைப் பிடுங்கும், தூக்கம் அறவே போய்விடும். ஒரே ஒரு மாத்திரை போட்டால் அரைமணி, ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். இந்தக் கட்டத்துக்கு வந்தவர் மாத்திரை போடுவது சுகத்துக்காக இல்லை. நாளைக்கு வேலைக்குப் போயாக வேண்டுமே என்பதற்காக. மனவுறுதி இல்லாதவன் என்று அவரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது.

போதைப் பழக்கத்தால்தானே இஎஸ்பிஎன் அவரை வெளியே அனுப்பியது?

இல்லை. அதிகம் பேர் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். 2003 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. பிலடெல்பியா ஈகிள்ஸ் ஃபுட்பால் அணியின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்தும் ஆட்டக்காரர்) டோனவன் மெக்னாப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் அளவுக்கு மீறிப் புகழப்படுகிறார், கறுப்பினக் குவார்ட்டர்பேக் ஒருவர் ஜெயிக்க வேண்டும் என்று ஊடகங்கள் ஆசைப்படுவதுதான் காரணம் என்றார் லிம்பா. எதிர்ப்பு கிளம்பியது. அக்டோபர் 1 இரவு அவர் ராஜினாமா செய்தார்.

அடுத்த நாளே வேறு செய்தி வெடித்தது. அவருக்குப் பல ஆண்டுகளாக மாத்திரை வாங்கிக் கொடுத்ததாக, முன்னாள் பணிப்பெண் ஒருவர் நேஷனல் என்கொயரர் இதழிடம் சொல்லியிருந்தார். ஃப்ளோரிடாவில் விசாரணை நடப்பதும் வெளிவந்தது. இரண்டுக்கும் இடையில் ஒரே ஒரு நாள்தான் என்பதால் காலப்போக்கில் மக்கள் மனதில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. டிவி வேலை போனதற்குக் காரணம் பேச்சு. ரேடியோவில் இடைவெளி விழுந்ததற்குக் காரணம் மாத்திரை. மெக்னாபைப் பொறுத்தவரை, அந்த சீசனிலேயே ஈகிள்ஸை, லீக்கின் ஒரு பாதியான என்எஃப்சியின் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். அதற்கடுத்த சீசனில் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் ஆடினார்.

ரேடியோவில் அன்றைக்கு என்னதான் சொன்னார்?

அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை. நிகழ்ச்சி முடியும் நேரத்தில் எழுதி வைத்திருந்த ஓர் அறிக்கையைப் படித்தார். வலி மாத்திரைகளுக்கு அடிமையாக இருக்கிறேன், நிகழ்ச்சி முடிந்ததும் சிகிச்சை மையத்தில் சேர்கிறேன், முப்பது நாள் இருப்பேன் என்பது சாரம். ஏற்கெனவே இரண்டு முறை மருத்துவமனையில் சேர்ந்து பழக்கத்தை விட முயன்றதையும் அவரே சொன்னார். விசாரணை நடப்பதால் அதிகம் பேச முடியாது என்றார். சாக்குச் சொல்லவில்லை, தன்னை யாரும் பாதிக்கப்பட்டவனாகவும் பார்க்க வேண்டாம், இதைப் பெரிய வீரச்செயலாகவும் நினைக்க வேண்டாம் என்ற பொருளில் சில வரிகள் இருந்தன.

செய்தி வெளியாகி எட்டு நாள் ஆன பிறகுதான் இந்த ஒப்புதல் வந்தது. அதை நான் மறைக்கவில்லை. இருந்தாலும் ஆள் வைத்து அறிக்கை விட்டுவிட்டு மறைந்துபோக அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. தன்னைத் தினமும் மூன்று மணி நேரம் கேட்டவர்களிடம், தன் குரலில், நேரலையில் சொன்னார். அதற்கு ஒரு மதிப்பு உண்டு என்றே நினைக்கிறேன்.

அவர் இல்லாதபோது நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்களா?

நிறுத்தவில்லை. வழக்கமாக அவர் விடுப்பில் போகும்போது உட்காரும் மாற்றுத் தொகுப்பாளர்களை வைத்து ஓட்டினார்கள். பெயர், இசை, நேரம் எல்லாம் அப்படியே இருந்தன. நிலையங்களும் கூட்டமாக விலகவில்லை.

அப்படியானால் திரும்பி வருவாரா என்று ஏன் அவ்வளவு சந்தேகம்?

பல காரணங்கள். ஏற்கெனவே இரண்டு முயற்சி தோற்றிருந்தது. மூன்றாவது மட்டும் பலிக்கும் என்று எந்த மருத்துவரும் எழுதித் தர முடியாது. அரசு வழக்கறிஞர் எந்த நாளும் வழக்குப் போடலாம். போதைக்காரர்களை உள்ளே தள்ளச் சொன்ன அவருடைய பழைய பேச்சு தோண்டியெடுக்கப்பட்டு எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடிக்கொண்டிருந்தது.

இதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. அவருடைய நிகழ்ச்சிக்கு விருந்தினர் அபூர்வம். மூன்று மணி நேரமும் ஒரே ஆளின் குரல், ஒரே ஆளின் நம்பிக்கை. நான் சொல்வதுதான் சரி என்ற தோரணைதான் அங்கே சரக்கு. சிகிச்சை மையத்தில் முதல் நாளே சொல்லித் தருவது, இந்த நோய்க்கு முன்னால் என் பலம் செல்லாது என்று ஒப்புக்கொள்வதை. அதைக் கற்றுக்கொண்டு வந்த ஒருவரால் பழைய தோரணையில் பேச முடியுமா என்பதுதான் ரேடியோ தொழிலில் இருந்தவர்கள் கேட்ட கேள்வி.

வியாபாரப் பக்கத்தில் அவ்வளவு சந்தேகம் இருந்திருக்க நியாயமில்லை. 2001-ல் எட்டு ஆண்டுகளுக்கு 28.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்ததாகச் செய்திகள் வந்தன. அவ்வளவு பணம் போட்ட நிறுவனம் ஐந்து வாரம் காத்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. நவம்பர் 17, திங்கட்கிழமை, அவர் மைக் முன் வந்து உட்கார்ந்தார். குரல் மாறவில்லை, தோரணையும் பெரிதாக மாறவில்லை.

முப்பது நாளில் போதை போய்விடுமா?

போகாது. முதல் சில நாட்கள் உடம்பிலிருந்து மருந்து இறங்குவதற்கு. மீதி நாட்கள் பேச்சு சிகிச்சை, குழு சந்திப்பு, வலியை வேறு வழியில் சமாளிக்கப் பழகுவது. ஒரு மாத சிகிச்சை என்பது மருத்துவ விஞ்ஞானம் அளந்து சொன்ன அளவு கிடையாது. வழக்கத்தில் வந்து, காப்பீட்டு நிறுவனங்களின் கணக்கில் நிலைத்துப்போன ஒன்று. உண்மையான வேலை வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று. ஒரு மாதம் மாத்திரை இல்லாமல் இருந்தவரின் உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்திருக்கும். ஆசையில் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். சிகிச்சை முடித்து வந்த முதல் வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. இன்றைக்கு பியூப்ரெனார்ஃபின், மெத்தடோன் போன்ற மருந்துகளைத் தொடர்ந்து கொடுத்து இந்த ஆபத்தைக் குறைக்கிறார்கள். பியூப்ரெனார்ஃபினுக்கு இந்தப் பயன்பாட்டுக்கான அமெரிக்க அனுமதி கிடைத்தது 2002-ல்தான். ‘ஒரு போதையை விட்டு இன்னொரு போதை’ என்று வீட்டார் இதைத் தடுப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து தடுக்காதீர்கள்.

அவருக்குக் காது கேட்காமல் போனதே, அதுவும் மாத்திரையாலா?

2001 அக்டோபரில், தனக்குக் காது ஏறக்குறைய முழுதும் கேட்கவில்லை என்று அறிவித்தார். அந்த மாதங்களில் நேயர்கள் ஃபோனில் பேசுவதை உதவியாளர் தட்டச்சு செய்ய, திரையில் ஓடும் எழுத்தைப் படித்துத்தான் பதில் சொன்னார். தன் குரலே தனக்குக் கேட்காத ஒருவர் தினம் மூன்று மணி நேரம் ரேடியோ நடத்தியிருக்கிறார்! அந்த டிசம்பரில் காக்ளியர் இம்ப்ளாண்ட் எனும், உள்காதில் வைக்கும் மின்னணுக் கருவியைப் பொருத்தினார்கள், கேட்கத் தொடங்கியது.

உடம்பின் நோயெதிர்ப்பு மண்டலமே உள்காதைத் தாக்கியது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். ஹைட்ரோகோடோனை மிக அதிகமாக எடுத்த சிலருக்கு வேகமாகக் காது போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன என்பதும் உண்மை. 2003-க்குப் பிறகு பலர் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். அவர் விஷயத்தில் அது நிரூபிக்கப்படவில்லை. ஆகவே உறுதியாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

சட்டவிரோதம்தானே? ஏன் ஜெயிலுக்குப் போகவில்லை? பணக்காரன் என்பதால் விட்டுவிட்டார்களா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். ஃப்ளோரிடாவில், ஒரு டாக்டரிடம் வாங்குவதை மறைத்து முப்பது நாளுக்குள் இன்னொரு டாக்டரிடம் அதே வகை மருந்துக்குச் சீட்டு வாங்குவது குற்றம். அதிகபட்சம் ஐந்தாண்டு சிறை. ஆறு மாதத்தில் நான்கு டாக்டர்களிடமிருந்து சுமார் 2,000 மாத்திரைகள் பெற்றார் என்பது அரசுத் தரப்பு சொன்னது. 2003 நவம்பரில் அவருடைய மருத்துவப் பதிவேடுகளைக் கைப்பற்றினார்கள். அது அந்தரங்க உரிமை மீறல் என்று அவர் வழக்காடினார். 2004 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பதிவேடுகளைப் பார்க்கலாம் என்றது. ஆனால் அவருடைய டாக்டர்களைச் சிகிச்சை பற்றி விசாரிக்க முடியாது என்று பின்னர் இன்னொரு நீதிபதி சொன்னார்.

2006 ஏப்ரல் 28 அன்று அவர் சரணடைந்தார். கைரேகை, புகைப்படம், 3,000 டாலர் ஜாமீன். ஒரு மணி நேரத்தில் வெளியே வந்தார். ஒரே ஒரு குற்றச்சாட்டு, அதையும் மறுத்தார். 18 மாதம் சிகிச்சையைத் தொடர வேண்டும், விசாரணைச் செலவுக்கு 30,000 டாலர் கட்ட வேண்டும், போதைப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும், அப்படிச் செய்தால் வழக்கு கைவிடப்படும் என்பது உடன்பாடு. பணிப்பெண் சொன்ன விவகாரத்தில் அவர்மீது குற்றம் சாட்டப்படவே இல்லை.

முதல் முறை மாட்டும் நோயாளிக்குச் சிகிச்சை கொடுத்து வழக்கை முடிப்பது அமெரிக்காவில் புதிதல்ல. பணம் வேலை செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். இரண்டரை ஆண்டுகள் நீதிமன்றம் நீதிமன்றமாகப் போராட எந்தச் சாதாரண ஆளுக்கு வக்கீல் கிடைப்பார்? என் ஆற்றாமை அவரை விட்டார்களே என்பதில் இல்லை. அதே ஆண்டுகளில் அதே மாத்திரையோடு பிடிபட்ட எத்தனையோ பேருக்கு இந்தக் கதவு திறக்கவில்லையே என்பதில்தான்.

ஏசிஎல்யு அவருக்காக வாதாடியது என்கிறார்களே, நிஜமா?

நிஜம். 2004 ஜனவரியில், அந்தக் குடிமக்கள் உரிமை அமைப்பின் ஃப்ளோரிடா கிளை, மருத்துவப் பதிவேடுகளைக் கைப்பற்றியது தவறு என்று நீதிமன்றத்தில் மனு கொடுத்தது. லிம்பா தன் நிகழ்ச்சியில் எப்போதும் சாடிவந்த தரப்பு அது. நோயாளியின் கோப்பு யாருடையதாக இருந்தாலும் ஒரே சட்டம்தான் என்று அவர்கள் நின்றதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

போதைக்காரனை ஜெயிலில் போடு என்று கத்தியவர்தானே? அவருக்கு எதற்கு இரக்கம்?

மிக அதிகமாக வரும் கேள்வி. கேட்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. 1995 அக்டோபரில் தன் டிவி நிகழ்ச்சியில், போதைக் குற்றத்தில் கறுப்பினத்தவர் அதிகம் சிறைக்குப் போகிறார்கள் என்ற குறைக்கு அவர் சொன்ன பதில், தப்பித்துக்கொண்டிருக்கும் வெள்ளையர்களையும் தேடிப்பிடித்து உள்ளே அனுப்புங்கள் என்பது. எட்டு ஆண்டு கழித்து அந்தப் பட்டியலில் அவரே இருந்தார்.

அந்தப் பேச்சு தவறு. அவருக்கு நேர்ந்தது அதை இன்னும் தெளிவாகக் காட்டியது. ஆனால் தவறான பேச்சுக்குத் தண்டனையாகச் சிகிச்சையை மறுப்போம் என்றால், அவர் 1995-ல் சொன்னதை நாமே ஏற்றுக்கொண்டதாகிவிடும். அவர் மாத்திரைக்கு எப்படி அடிமையானார் என்று மூன்றாவது பதிலில் எழுதியிருக்கிறேன். அந்த உடல்நிலை கட்சி பார்த்து வருவதில்லை. வேலை காத்திருந்தது, சிகிச்சைக்குப் பணம் இருந்தது, வழக்கு சிறையில் முடியவில்லை: அவரை மீட்டவை இந்த மூன்றும். இவை பிறருக்கும் வேண்டும் என்று கேட்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குக் கிடைக்காது.

2006-ல் ஏர்போர்ட்டில் மறுபடியும் மாட்டினாரே, திரும்பப் பழக்கத்தில் விழுந்துவிட்டாரா?

அது வேறு மருந்து. டொமினிக்கன் குடியரசிலிருந்து திரும்பியபோது பாம் பீச் விமான நிலையத்தில் அவர் பையில் வயாக்ரா இருந்தது. சீட்டு அவர் பெயரில் இல்லை. அந்தரங்கம் கருதி டாக்டர் பெயரில் எழுதியது என்றார்கள். வழக்குப் போடவில்லை. உடன்பாட்டுக் காலத்தில் நடந்ததால்தான் செய்தி பெரிதானது. வலி மாத்திரைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஸ்போர்ட்ஸ் பக்கம் பிறகு வந்தாரா?

வர முயன்றார். 2009-ல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியை வாங்க முன்வந்த குழுவில் ஒருவராக இருந்தார். விளையாட்டு வீரர் சங்கத் தலைவர் டிமாரிஸ் ஸ்மித் எதிர்த்தார். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் உரிமையாளர் ஜிம் அர்சே, தன் ஓட்டு அவருக்குக் கிடையாது என்று வெளிப்படையாகச் சொன்னார். குழுவே லிம்பாவைக் கழற்றிவிட்டது. இங்கேயும் தடையாக நின்றது அவர் பேசிய பேச்சுதான், மாத்திரை அல்ல.

மாத்திரையைக் காரணம் காட்ட அந்த லீக்கில் யாருக்கும் வாய் வந்திருக்காது. அர்சேயே வலி மாத்திரைப் பழக்கத்தோடு போராடியவர். 2014-ல் கைதாகி, ஆறு ஆட்டங்கள் தடையும் ஐந்து லட்சம் டாலர் அபராதமும் பெற்றார். கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் பிரெட் ஃபாவ் 1996 மே மாதம் விக்கோடினுக்கு அடிமையானதை அறிவித்துச் சிகிச்சைக்குப் போய், அடுத்த ஜனவரியில் சூப்பர் பௌல் வென்றார். விக்கோடினில் இருப்பதும் ஹைட்ரோகோடோன்தான். வலியோடு ஆடுவதை வீரமாகப் பேசும் விளையாட்டில் வலி மாத்திரை லாக்கர் அறைக்குள் வராமல் எப்படி இருக்கும்?

லிம்பா ரேடியோவைக் கடைசி வரை விடவில்லை. 2021 பிப்ரவரியில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார்.

அம்மா மூட்டு வலிக்கு தினமும் மாத்திரை போடுகிறார். நாங்கள் பயப்பட வேண்டுமா?

பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவை ஓபியாய்டு அல்ல. அவற்றால் கல்லீரல், வயிறு, சிறுநீரகம் கெடலாம், அதற்காக டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆனால் இங்கே சொன்ன அடிமைத்தனம் வராது. ட்ரமடால், டேபென்டடால், கோடீன் என்று அட்டையில் இருந்தால் கவனம் தேவை. இந்தியாவில் ட்ரமடால் 2018-லேயே போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. மாதக்கணக்கில் எடுத்தவர் திடீரென்று நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்லும் கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். இந்தியாவில் போதை மீட்புக்கான கட்டணமில்லா உதவி எண் 14446.

அமெரிக்காவில் மீடியா வேலையில் இருக்கிற நண்பனுக்கு இதே பிரச்சினை. ஆபீஸில் சொன்னால் வேலை போய்விடுமா?

லிம்பாவுக்குக் கிடைத்த காத்திருப்பு எல்லோருக்கும் கிடைக்காது. இருந்தாலும் சட்டம் கொஞ்சம் துணை நிற்கிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் ஓராண்டும் 1,250 மணி நேரமும் வேலை செய்தவர், போதை சிகிச்சைக்காகப் பன்னிரண்டு வாரம் வரை சம்பளமில்லா மருத்துவ விடுப்பு கேட்கலாம். விடுப்பு சிகிச்சைக்குத்தான். போதையில் கிடந்து வேலைக்கு வராத நாட்களுக்கு இது பொருந்தாது.

அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இப்போது சட்டவிரோதமாகப் போதை எடுப்பவரைப் பாதுகாக்காது. விட்டுவிட்டு சிகிச்சையில் இருப்பவரைப் பாதுகாக்கும். ஆகவே எது முதலில் நடக்கிறது என்பதே முக்கியம். பரிசோதனையில் மாட்டிய பிறகு சிகிச்சைக்குப் போகிறேன் என்பதைவிட, மாட்டுவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து, சேரும் தேதியோடு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு மனிதவளத் துறையிடம் பேசுவது எவ்வளவோ மேல். என்ன நோய் என்ற முழு விவரத்தை மேலாளரிடம் கொட்ட வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் நன்னடத்தை விதி இருந்தால், பேசுவதற்கு முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் அதைக் காட்டட்டும். எங்கே சேர்வது என்று தெரியாவிட்டால் 1-800-662-4357 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். கட்டணம் கிடையாது, அழைப்பு ரகசியமாக வைக்கப்படும்.